புதுப் பித்தளையைப் பழசாக்குதல்: ஸ்போரன், கில்ட் பின், பக்கிள் உலோகங்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

ஸ்காட்லாந்து ஹைலேண்ட் உடைக்கான பொருள்களைக் கையால் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். தோல் பழுப்பேறி, தையல் நூல் மெழுகு பிடித்து, பை பார்க்க நாலு தலைமுறை கண்டதுபோல அமைந்துவிடும். மேலே பொருத்திய உலோகம் மட்டும் நேற்று வாங்கியதுபோலக் கண்ணைக் கூசும். பழசாக்கக் கரைசலில் முக்கினால் ஒன்று நிறமே வராது, அல்லது வந்தது உதிரும், அல்லது கறுப்புப் பெயின்ட் அடித்ததுபோல நிற்கும்.

புதிதாக வருபவர்களுக்கு: ஹைலேண்ட் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், மடிப்பு வைத்த கம்பளி உடை கில்ட். அதன் முன்னால் தொங்கும் பை ஸ்போரன். அந்தப் பையின் வாயில் வளைவாக இருக்கும் உலோகச் சட்டம் கான்டில். கில்ட்டின் மேல்மடிப்பில் குத்துவது கில்ட் பின். காலுறைக்குள் செருகும் சிறு கத்தி ஸ்கீன் டூ. இவற்றோடு இடுப்புப் பட்டையின் பக்கிள், ஸ்போரன் சங்கிலி, குஞ்சங்களின் உலோகக் கூம்புகள், ஜாக்கெட் பொத்தான்கள். இந்த எல்லாவற்றுக்கும் கீழே உள்ளவை பொருந்தும். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் பகுதியைத் தாண்டாதீர்கள். மற்ற கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

கரைசலில் போட்டும் நிறமே மாறவில்லை

கரைசலைக் குறை சொல்வதற்கு முன் உலோகத்தின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விற்பனைக்கு வரும் பித்தளைச் சாமான்களில் பெரும்பாலானவை மங்காமலிருக்கக் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூசியே வரும். சோதனை எளிது: குழாய்த் தண்ணீரில் நனைத்துத் தூக்குங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் உலோகம் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் லாக்கரோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது.

முதலில் அசிட்டோனில் பத்து நிமிடம் ஊறவைத்து டூத் பிரஷால் தேயுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள். சூட்டில் இறுக்கிய லாக்கர் அதற்கு அசையாது. அப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, பொருளை அதில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். லாக்கர் தோல் உரிவதுபோலக் கிளம்பும். ஒட்டுப் போட்ட கல், சாயக்கல், குஞ்ச முடி இருக்கும் பொருளை இப்படி வேகவைக்கக் கூடாது. கொதிக்கவிட்ட பாத்திரம் திரும்பச் சமையலறைக்குப் போகவும் கூடாது.

லாக்கர் இல்லை, தண்ணீரும் படலமாக நிற்கிறது, அப்படியும் நிறம் வரவில்லை என்றால் உலோகம் நீங்கள் நினைத்தது அல்ல. காந்தம் வையுங்கள். வலுவாகப் பிடித்தால் உள்ளே எஃகு, மேலே முலாம். பிடிக்காவிட்டால் பொருளின் பின்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், சிறு அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். உள்ளே மஞ்சள் என்றால் பித்தளை. உள்ளும் புறமும் ஒரே வெள்ளை, அதில் லேசான மஞ்சள் சாயல் என்றால் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். மென்மையாக, நகத்தால் அழுத்தினாலே தடம் விழுவதுபோல இருந்தால் பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை. மேலே நீலம் கலந்த பளபளப்பு, கீறினால் உள்ளே வேறு நிறம் என்றால் குரோம் முலாம்.

எதற்கு எது பிடிக்கும் என்பது இதன்பின் தானாகத் தெளிவாகும். லிவர் ஆஃப் சல்பர் என்ற பொட்டாசியம் சல்பைடு கலவை வெள்ளிக்கும் செம்புக்கும் அருமை, பித்தளையில் அரைகுறை, ஜெர்மன் சில்வரில் ஏறக்குறைய வீண், பியூட்டரில் முழு வீண். பித்தளைக்கும் ஜெர்மன் சில்வருக்கும் செலினியம் சார்ந்த கறுப்புக் கரைசல் வேண்டும். துப்பாக்கிக் கடைகளிலும் நகைத்தொழில் கடைகளிலும் ‘பிராஸ் பிளாக்’ போன்ற பெயர்களில் கிடைக்கும். குரோமுக்கு வீட்டில் செய்யக்கூடிய இரசாயனம் எதுவும் இல்லை. அமிலத்தில் குரோமை உரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முலாம் கழற்றித் தரும் பட்டறையில் கொடுங்கள், அல்லது பள்ளங்களில் கறுப்பு எனாமல் பூசி மேட்டைத் துடைத்து எடுங்கள். அது சுமாரான வேலைதான். ஆனால் உரித்துக் கெடுத்த கான்டிலைவிட மேல்.

லிவர் ஆஃப் சல்பர் கட்டியாக வாங்கி வைத்திருந்தால் அதன் வயதையும் பாருங்கள். மஞ்சள் பழுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் உயிர் இருக்கிறது. வெளுத்து நாற்றமில்லாமல் போனால் காற்றும் ஈரமும் வெளிச்சமும் அதைத் தின்றுவிட்டன.

திட்டுத் திட்டாக, கைரேகையோடு பிடிக்கிறது

சுத்தம் போதவில்லை. பியூமிஸ் தூளையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் குழைத்து, பிரஷால் எல்லாத் திசையிலும் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின் வெறும் கையால் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை, அல்லது செம்புக் கம்பிக் கொக்கி. கழுவியதும் உலரவிடாமல் ஈரத்தோடே கரைசலில் இறக்குவது நல்லது. துணியால் துடைத்தால் துணியில் உள்ள பிசுக்கு ஒட்டும்.

கான்டில் போன்ற அகலமான பரப்பில் கரைசலைத் தடவினால் தடவிய கோடு தெரியும். முழுதாக முங்கும் பாத்திரம் தேவை, இறக்குவதும் ஒரே மூச்சில். பாதி மூழ்கி நின்றால் நீர்மட்டக் கோடு விழும், அதை எடுக்க மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

நன்றாகக் கறுத்தது, துடைத்தால் புகைக்கரிபோலக் கையோடு வருகிறது

கரைசல் கெட்டி, அல்லது சூடு அதிகம், அல்லது நேரம் அதிகம். பெரும்பாலும் மூன்றும். வேகமாக வளரும் படலம் உலோகத்தைப் பிடிக்காது, மேலே தூளாக உட்காரும்.

செலினியம் கரைசலைப் புட்டியிலிருந்து அப்படியே ஊற்றாமல், ஒரு பங்குக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துத் தொடங்குங்கள். அரை நிமிடம் முக்குங்கள், தண்ணீரில் அலசுங்கள், மிருதுவான பிரஷால் லேசாகத் தேயுங்கள், மறுபடி முக்குங்கள். தூள் ஒவ்வொரு முறையும் போய்விடும், அடியில் பிடித்தது மட்டும் நிற்கும். நாலைந்து சுற்றில் வரும் நிறம் ஒரே முக்கில் வரும் நிறத்தைவிடப் பழுப்பாக, ஆழமாக இருக்கும், அதோடு உதிராது.

லிவர் ஆஃப் சல்பருக்கும் இதே விதி. பட்டாணி அளவு கட்டி, கால் லிட்டர் வெந்நீர். வெந்நீர் என்றால் கை பொறுக்காத சூடு, சுமார் 60 டிகிரி. கொதிநீரில் கரைசல் சீக்கிரம் செத்துவிடும். சில வினாடி முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி. போதும் என்று தோன்றும்போது அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து அதில் போட்டால் வேலை நிற்கும். இந்தக் கரைசல் பக்கத்தில் வினிகரோ வேறு அமிலமோ இருக்கவே கூடாது. சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். முதலில் நாறும், பிறகு மூக்கு மரத்து நாற்றம் தெரியாமல் போகும், ஆபத்து அங்கேதான். செலினியம் கரைசலும் நஞ்சு. கையுறை, திறந்த சன்னல், மீதத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் இரசாயனக் கழிவாகக் கொடுப்பது, இந்த மூன்றிலும் சலுகை இல்லை.

பித்தளை இளஞ்சிவப்பாக மாறிவிட்டது

அமிலம் மேற்பரப்பிலிருந்த துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை விட்டுவிட்டது. அல்லது செம்பு கரைந்திருந்த அமிலக் கரைசலில் எஃகுச் சாமணத்தை விட்டதால் செம்பு படிந்துவிட்டது. பியூமிஸ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் போக்குவதற்கு முன் யோசியுங்கள்: அந்தச் செம்புப் படலத்தின் மேல் லிவர் ஆஃப் சல்பர் அழகாகப் பிடிக்கும். பித்தளையில் அது சரியாகப் பிடிக்காத குறைக்கு நகைத் தொழிலாளர்கள் வேண்டுமென்றே செய்யும் வழியே இதுதான்.

வெள்ளியில் நீலம், ஊதா, தங்கம் என்று வானவில்

படலம் இன்னும் மெல்லியது, அவ்வளவுதான். இன்னும் சில வினாடி முக்கினால் சாம்பல், பிறகு கறுப்பு. பழைய வெள்ளியில் மயில்கழுத்து நிறம் விளிம்பில் கொஞ்சம் இருக்கலாம், நடுவில் இருந்தால் புதிதாகச் சாயம் ஏற்றியது என்று காட்டிக்கொடுக்கும். அவசரமில்லையென்றால் இரசாயனமே வேண்டாம்: வேகவைத்த முட்டையை நசுக்கி, பொருளோடு மூடிய பிளாஸ்டிக் பைக்குள், முட்டை பொருளில் படாமல் வைத்து ஓர் இரவு விடுங்கள். மெதுவாக, சீராகக் கறுக்கும்.

கறுத்துவிட்டது, ஆனால் பழசாகத் தெரியவில்லை

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். பழமை கறுப்பில் மட்டும் இல்லை. கறுப்பு எங்கே இல்லை என்பதில்தான் பாதி இருக்கிறது. கை படும் இடம், துணி உரசும் இடம், உலோகத்தோடு உலோகம் மோதும் இடம் எல்லாம் வெளுத்திருக்க வேண்டும். அந்த வெளுப்பு நியாயமான இடத்தில் இல்லையென்றால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஒரு பித்தளைக் கான்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பையைத் திறக்கும்போது கட்டைவிரல் மேல் விளிம்பில் பூட்டுக்குப் பக்கத்தில் அழுந்தும். அங்கே நன்றாக வெளுக்க வேண்டும். இரு ஓரங்களிலும் முன்கை உரசும், அங்கே லேசாக. செதுக்கு வேலையின் பள்ளம் கறுப்பாகவே இருக்கட்டும். பின்பக்கம் தோலோடு ஒட்டியது, அது மங்கிய பழுப்பு மட்டும். சாம்பல் நிற மிக மெல்லிய ஸ்காட்ச் பிரைட்டை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றி மேட்டின் மேல் மட்டும் ஓட்டுங்கள். விரலால் பிடித்துத் தேய்த்தால் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். கடைசியாக வெறும் கட்டைவிரலில் கொஞ்சம் மெருகுப் பசை தொட்டு, பையைத் திறப்பதுபோலவே பிடித்துத் தேயுங்கள். விரல் தானாகப் போகும் இடம்தான் சரியான இடம்.

மற்றவற்றிலும் இதே கணக்கு. சங்கிலியில் வளையங்கள் ஒன்றையொன்று தொடும் உட்புறம் பளபளக்க வேண்டும், வெளிப்புறம் மங்கலாக. கறுத்த சங்கிலியை ஒரு துணிப்பையில் போட்டுச் சிறிது நேரம் குலுக்கினால் அது தானாக நடக்கும். குஞ்சக் கூம்புகளில் அடி விளிம்பு வெளுக்கும், அவை நடக்கும்போது ஒன்றோடொன்று இடிப்பதால். பக்கிளில் நாக்கின் நுனியும் அது உட்காரும் சட்டமும். ஸ்கீன் டூவில் உறையின் வாய்ப்பூண்.

இன்னொன்று: எந்தக் காலத்துப் பழமை வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பாணிப் பித்தளைக் கான்டிலுக்குப் பழுப்பும் கறுப்பும் பொருந்தும். ஹைலேண்ட் படைப்பிரிவுகளின் பாணியில் செய்வதானால் கறுப்பு தவறு. சிப்பாய்களின் பித்தளை ஓயாமல் துலக்கப்பட்டது. அது பளபளப்பாகவே இருக்கும், ஆனால் செதுக்கு வேலையின் கூர் மழுங்கி, எழுத்துகள் தேய்ந்து, பள்ளங்களில் மெருகுப் பசை காய்ந்து வெளிறிய பச்சையாக நிற்கும். அதற்குக் கரைசல் வேண்டாம். 600 எண் எமரித் தாளால் கூர் விளிம்புகளை உருட்டி, 1200-இல் முடித்து, பித்தளைப் பாலிஷ் போட்டுப் பள்ளத்தில் இருப்பதைத் துடைக்காமல் விடுங்கள். 1822-இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது பரவிய ஆடம்பரப் பாணிக்கு வெள்ளியும் அளவான மங்கலும் போதும்.

அம்மோனியா ஆவி காட்டிய பின் ஊசி அல்லது ஸ்பிரிங் உடைந்துவிட்டது

மூடிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் அம்மோனியா, மேலே கம்பி வலையில் பித்தளை. சில மணி நேரத்தில் பழுப்பு, ஓர் இரவில் நீலப்பச்சை. அழகான முறை, பரந்த தகடுகளுக்கு நல்ல முறை. ஆனால் வளைத்து இறுக்கிய பித்தளைக்கு எமன்.

குளிர்நிலையில் வளைத்த, அடித்த, இழுத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அந்த இறுக்கத்தின் வழியே நுண்விரிசல் ஓடும். துத்தநாகம் 15 சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து கூடும். சாதாரண மஞ்சள் பித்தளையில் 30 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாக விரிசல் விட்டுப் பிளந்தது இதனால்தான். லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியா போதுமானதாக இருந்தது.

ஆகவே கில்ட் பின்னின் ஊசி, அதன் பிடி, பூட்டின் ஸ்பிரிங், மடக்கிய ரிவிட் கால்கள், அடித்து வளைத்த பக்கிள் நாக்கு: இவை எதையும் அம்மோனியா டப்பாவுக்குள் விடாதீர்கள். கழற்ற முடியாவிட்டால் முறையை மாற்றி, செலினியம் கரைசலைச் சிறு தூரிகையால் தொட்டு வையுங்கள். அம்மோனியாதான் வேண்டும் என்றால், முதலில் பொருளை 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். ஈயப்பற்று வைத்த இணைப்பு இருந்தால் அந்தச் சூட்டில் கழன்று விழும். ஏற்கெனவே ஆவி காட்டிய ஊசியை, உடையாவிட்டாலும், பூதக்கண்ணாடி வைத்து வளைவின் வெளிப்புறம் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அது விழப்போவது யாருடைய திருமணத்திலோ, புல்தரையில்.

அம்மோனியாவோடு ப்ளீச் எந்த வகையிலும் சேரக் கூடாது.

துடைத்துத் துடைத்தும் பச்சைக் களிம்பு வருகிறது

உப்பும் வினிகரும் தெளித்துக் களிம்பு வரவைத்தவர்கள் வீட்டில்தான் இது அதிகம். குளோரைடு உலோகத்தின் நுண்துளையில் தங்கிவிட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே வேலை செய்யும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள், தினம் நீரை மாற்றுங்கள், மூன்று நான்கு நாள். பிறகு சோடாக் கரைசலில் ஒருமுறை, மறுபடி நீரில், முடியுலர்த்தியால் நன்றாக உலர்த்தி மெழுகு. உடையில் போகும் பொருளுக்கு உப்புக் களிம்பு தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. தோட்டத்துச் சிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கில்ட்டின் கம்பளியில் அந்தப் பச்சை ஒட்டினால் போக்குவது பெரும்பாடு.

தூளாக இல்லாமல் மெழுகுபோல, ரிவிட்டையும் குமிழாணியையும் சுற்றித் திரண்டு வரும் பச்சை வேறு சமாச்சாரம். தோலுக்குப் போட்ட எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலமும் பித்தளையின் செம்பும் சேர்ந்த சோப்பு அது. மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், ஆணி அடிக்கும் முன் அதன் காலிலும் மெழுகு தடவுங்கள். தேன்மெழுகு லேசான அமிலத்தன்மை உள்ளது, அதுவே பச்சை கொடுக்கும். ரெனைசான்ஸ் வாக்ஸ் போன்ற நுண்படிக மெழுகு நல்லது. அருங்காட்சியகப் பொருள்களுக்காக 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது அது. உலோகத்தை வெதுவெதுப்பாக்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு மெல்லிதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் மெருகேற்றுங்கள்.

பித்தளையில் துருப் புள்ளி, தோலில் கறுப்பு வளையம்

பித்தளை துருப்பிடிக்காது. எஃகுக் கம்பளியால் தேய்த்தபோது ஒடிந்த இழைகள் பள்ளத்தில் தங்கித் துருவேறுகின்றன. வெண்கலக் கம்பளிக்கு மாறுங்கள். தோலில் வரும் கறுப்பும் அதே இரும்பின் வேலை: மரப்பட்டைத் துவரில் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் மைபோலக் கறுக்கும். பழசாக்கும் வேலை முழுவதையும், மெழுகு உட்பட, உலோகத்தைத் தோலில் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பியூட்டர் வெளிறிய சாம்பலாகவே நிற்கிறது

ஈயம் கலந்த பழைய பியூட்டர் தானாகக் கறுக்கும், இன்றைய ஈயமில்லாத கலவை கறுக்காது. பியூட்டருக்கென்றே விற்கும் கறுப்புக் கரைசலை வாங்குங்கள். தடவும் முன் மேற்பரப்பை 600 எண் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிடிப்பு கூடும். சூடு காட்டி விரைவுபடுத்த நினைக்காதீர்கள். 240 டிகிரி அளவிலேயே உருகிவிடும், அதற்கு முன்பே தொய்யும்.

கல் மங்கிவிட்டது

ஸ்கீன் டூ தலையிலும், தோள் போர்வையைப் பிடிக்கும் பிளெய்ட் புரூச்சிலும் பதிக்கும் கல் பெரும்பாலும் அடியில் வெள்ளித்தாள் வைத்த கண்ணாடி. நீர் உள்ளே போனால் தாள் கறுத்துக் கல் செத்துவிடும், இருந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாது. கழற்றிப் புதுத்தாள் வைக்க வேண்டும். கல் இருக்கும் பொருளை முக்காதீர்கள், தூரிகையால் மட்டும்.

ஒரே பையில் கான்டில் ஒரு நிறம், சங்கிலி ஒரு நிறம்

இரண்டும் வேறு உலோகம். ஒரே கரைசலில் ஒரே நேரம் வைத்தால் ஒரே நிறம் வராது. ஜெர்மன் சில்வர் மெதுவாகக் கறுக்கும், பித்தளை வேகமாக. இரண்டையும் நன்றாகக் கறுக்கவைத்து, பிறகு வெளுப்பில் சமன்செய்வதே எளிது. பக்கத்தில் பக்கம் வைத்து, பகல் வெளிச்சத்தில். மெழுகு போட்டதும் எல்லா நிறமும் ஒரு படி ஆழமாகும், ஆகவே ஒப்பிடும் முன் இரண்டிலும் ஒரு மூலையில் மெழுகு தொட்டுப் பாருங்கள்.

வெள்ளிப் பொருளில் ஹால்மார்க் முத்திரை இருந்தால் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். எடின்பரோ சோதனை அலுவலகத்தின் கோட்டை முத்திரை தேய்ந்துபோனால் பொருளின் மதிப்பும் தேயும். பழையதுபோல முடித்த எதையும் விற்கும்போது பின்பக்கத்தில் உங்கள் குறியையும் செய்த ஆண்டையும் வெட்டிவிடுங்கள். அதைக் கறுக்கவைப்பதற்கு முன்பே வெட்ட வேண்டும். பிறகு வெட்டினால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பல்லிளிக்கும்.